பதினேழாம் நம்பர் கிருமியும் என் இடது நெஞ்சும்

எனக்கு இடது பக்கம் ஒரு விலா எலும்பு முழுதாக இல்லை. முதுகுக்கும் அக்குளுக்கும் நடுவே மூன்று விரல் நீளத்துக்கு அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். கிணற்றடியில் குளிக்கும்போது அந்தக் குழியைப் பார்ப்பவர்கள் என்னவென்று கேட்பார்கள். "சளிக்காய்ச்சல் முத்திப்போச்சு" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். முழுதும் சொல்வதென்றால் அதற்கு மூச்சு வேண்டும். போன மாதம் எங்கள் தெருக் கடைக்கார அண்ணாச்சி, தன் மச்சினனுக்கும் அதே நோய் என்று சொல்லி, "ஆஸ்பத்திரில என்னென்ன செய்வாவன்னு எழுதிக் குடு தங்கப்பழம், அவன் பயந்து கெடக்கான்" என்றார். எழுத உட்கார்ந்தபோது அவர் கேட்டதைவிட அதிகமாகவே வந்துவிட்டது.

யுத்த காலம் அது. தூத்துக்குடிக் கடற்கரையில் பழைய பஞ்சுக் கிட்டங்கி ஒன்றின் பாதியை எடுத்துக் கடல்பாசி காய்ச்சிக்கொண்டிருந்தோம். கிருமிகளை வளர்த்து நோயைக் கண்டறிய, ஆஸ்பத்திரிச் சோதனைச் சாலைகளுக்குப் பாசிக் கூழ் வேண்டும். ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்தது சண்டையால் நின்றுபோயிற்று. நம் தீவுகளின் பாசியிலிருந்தே அதை எடுக்கலாம் என்று கிளம்பியவர் சேவியர் மொத்தா. கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவர். மனைவி இறந்து வெகுகாலமாகித் தனியாக இருந்தார். நான் இன்டர்மீடியட் முடித்தவன் என்பதால் என்னை உதவிக்கு வைத்துக்கொண்டார்.

காய்ச்சி உறையவைத்த கூழில் சில நாள் அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகள் விழும். கடலிலிருந்து பாசியோடு வந்த ஏதோ ஒரு கிருமி கூழைத் தின்கிறது. வேறு யாராவது என்றால் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். மொத்தா சார் அந்தக் குழியைக் கம்பியால் தொட்டு, வேறொரு கண்ணாடிக் குழாயில் அந்தக் கிருமியை வளர்த்தார். கிருமிக்கு வாயும் பல்லும் கிடையாது. அது ஒரு சாறைக் கசியவிட்டு, எதிரில் இருப்பதைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. கரைக்கிற வேலையைச் செய்யும் அந்தப் பொருளுக்கு நொதி என்று பெயர். பப்பாளிப் பாலைத் தடவினால் முற்றின கறியும் மெத்தென்று வெந்துபோகிறதே, அதுவும் ஒரு நொதியின் வேலைதான்.

"ஏலே, கூழத் திங்க ஒண்ணு இருந்தா, செத்த சதையத் திங்கவும் ஒண்ணு இருக்கணும்லா," என்றார் ஒருநாள். "சங்குக் கிட்டங்கில சங்க அழுக வைக்காவள்ல. அந்தச் சதையக் கரைக்கது யாரு? காத்தா?"

முத்துக்குளிப்பு நின்றுபோயிருந்த வருடங்கள் அவை. சங்குக்குளிப்பு மட்டும் நடந்தது. குளித்தெடுத்த சங்குகளைக் குவித்து, உள்ளே இருக்கும் சதை அழுகிக் கரையும்வரை விட்டுவைப்பார்கள். அந்த நாற்றத்துக்கு அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். நாங்கள் போனோம். இருபத்துச் சொச்சம் கிருமிகளைப் பிரித்து நம்பர் போட்டு வளர்த்தோம். அதில் பதினேழாம் நம்பர் தனி. அதன் சாறில் போட்ட வேகவைத்த முட்டையின் வெள்ளைத் துண்டு ஒரே நாளில் கரைந்தது. உறைந்த ஆட்டு ரத்தம் தண்ணீராகிப்போனது. இன்னொரு குணமும் அதற்கு இருந்தது. மனித உடம்பின் சூட்டில் அந்தக் கிருமி பிழைக்காது. அதன் சாறு மட்டும் வேலை செய்யும். குண்டடிபட்டவர்களின் புண்ணில் செத்த சதை ஒட்டிக்கொண்டு ஆறவிடாமல் செய்கிறது என்றும், அதைக் கத்தி படாமல் இந்தச் சாறால் எடுக்க முடியும் என்றும் அவர் நம்பினார். வாரம் ஒருமுறை எல்லாக் கிருமிகளையும் புதுக் கூழுக்கு மாற்றுவது என் வேலை.

கார்த்திகை மழையில் காயப்போட்டிருந்த பாசியைக் காப்பாற்ற மூன்று நாள் நனைந்துகொண்டே படுதா இழுத்துக் கட்டினேன். நான்காம் நாள் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. உள்ளூர் டாக்டர் நிமோனியா என்று சல்பா மாத்திரை கொடுத்தார். ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது. கனியம்மாள், என் மனைவி, கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கடுத்த வாரம் காய்ச்சல் திரும்பியது. இந்தமுறை அது சத்தமில்லாத காய்ச்சல். காலையில் இருக்காது. சாயங்காலமானால் வந்து, விடிவதற்குள் பாய் நனைய வியர்த்து விடும். இடது பக்கம் ஒருக்களித்தால்தான் மூச்சு வந்தது. வேட்டி இடுப்பில் நிற்காமல் போனபோது கனியம்மாள், "இனி இங்கன வச்சிக்கிட்டிருந்தா ஒங்கள நானே கொன்னமாதிரி" என்றாள்.

கரி பஸ்ஸில் போனோம். பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் கரியடுப்பு மாட்டி ஓட்டின பஸ். ஏற்றத்தில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். என்னை மட்டும் உட்கார விட்டார்கள். உள்நாட்டில் இருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரியின் வராந்தா பெஞ்சில் காலையில் உட்கார்ந்தவனை மத்தியானத்துக்குமேல் கூப்பிட்டார்கள். டாக்டர் தேவசகாயத்துக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன முகம். என் முதுகில் விரலால் தட்டிக்கொண்டே கீழே வந்தார். மேலே பானையைத் தட்டினது போலக் கேட்ட சத்தம், பாதிக்குக் கீழே மண்சுவரைத் தட்டினது போல மாறியது. எனக்கே அது கேட்டது.

"நுரையீரலுக்கும் விலா எலும்புக்கும் நடுவுல ரெண்டு தோல் இருக்கு. நடுவுல சொட்டு ஈரந்தான் இருக்கணும். ஒமக்கு அங்க சீழ் கட்டியிருக்கு," என்றார். எம்பயீமா என்று அதற்குப் பெயர் சொன்னார். எக்ஸ்ரே படத்தில் என் இடது நெஞ்சின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. வெள்ளையாக இருந்தால் நல்லது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

முதலில் ஊசி. நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து, முதுகில் மரத்துப்போகும் மருந்தைப் போட்டு, தடித்த ஊசியை உள்ளே விட்டார்கள். குத்துவது வலிக்கவில்லை. உள்ளே ஏதோ தோலைத் தாண்டும்போது தோளெல்லாம் இழுத்தது. ஊசி அடைத்துக்கொண்டது. மாற்றினார்கள். அதுவும் அடைத்தது. வந்தது சீழ் என்றுகூடச் சொல்ல முடியாது, திரிந்த பால். "இது ஊசிக்கு வராது," என்று டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒரு எலும்புத் துண்டை எடுத்துக் குழாய் வைக்கணும்."

மயக்கம் கொடுத்தால் மூச்சு தாங்காது என்று, விழித்திருக்கும்போதே செய்தார்கள். மச்சினனுக்கு இதைப் படித்துக் காட்டும் அண்ணாச்சி இந்த இடத்தைத் தாண்டிவிடலாம். எலும்பை வெட்டும்போது வலி இல்லை. சத்தம் இருந்தது. கரும்பு ஒடிப்பது போன்ற அந்தச் சத்தம் வெளியிலிருந்து காதுக்கு வரவில்லை, உடம்புக்குள்ளிருந்தே வந்தது. அதன் பிறகு ஏதோ கதகதவென்று இடுப்பில் வழிந்தது. நாற்றம் தாங்காமல் ஒரு நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேனாம். எனக்கு நினைவில்லை.

அன்றே காய்ச்சல் இறங்கியது. ஆனால் நாங்கள் நினைத்ததுபோல அது முடிவாக இல்லை. சீழ் போனதும், அமுங்கிக் கிடந்த நுரையீரல் விரிந்து அந்த இடத்தை அடைக்க வேண்டும். அதற்காக இரண்டு கண்ணாடிப் போத்தல்களை ரப்பர் குழாயால் இணைத்து, ஒன்றிலிருக்கும் தண்ணீரை ஊதியே மற்றதுக்குத் தள்ளச் சொன்னார்கள். நாளெல்லாம் அதுதான் வேலை. கனியம்மாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு விரக்கடை இருக்கு, ஊதுங்க" என்பாள். ஊதுவேன். கண் இருட்டிக்கொண்டு வரும். எட்டாத உயரத்துக்கு ஏணி வைத்தமாதிரி இருக்கும் அந்த இரண்டு விரக்கடை.

திங்கட்கிழமைதோறும் குழாய் வழியாக உப்புத் தண்ணீரை ஊற்றி, உள்ளே எவ்வளவு பிடிக்கிறதென்று அளப்பார்கள். அந்த அளவுதான் நெஞ்சுக்குள் காலியாக இருக்கும் இடம். முதல் வாரம் பதினான்கு அவுன்ஸ். அடுத்த வாரம் பன்னிரண்டு. அதன்பின் பன்னிரண்டு, பன்னிரண்டு, பிறகு ஏறிப் பதின்மூன்று. டாக்டர் அளவுக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் நேரத்தில் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் எச்சில் விழுங்கினால் நல்ல சேதி இல்லை.

"உள்ள தயிர் தோய்ஞ்சமாதிரி ஒட்டிப்போய் நுரையீரலைப் பிடிச்சிட்டிருக்கு," என்றார் ஐந்தாம் திங்களன்று. "இப்பிடியே இறுகினா மெட்ராஸுக்குப் போகணும். அங்க ஏழெட்டு எலும்பை எடுத்து, நெஞ்சையே உள்ள அமுக்கிவிடுவாங்க."

"போனவிய எல்லாரும் பொழச்சு வந்துட்டாவளா?" என்று கேட்டாள் கனியம்மாள்.

"எல்லாரும் வரல, தாயி."

பக்கத்துக் கட்டிலில் மீரான் காக்கா கிடந்தார். சங்கு குளிக்கிறவர், கீழக்கரைக்காரர். கடலடியில் திருக்கை மீனை மிதித்து, அதன் முள் பாதத்தில் ஏறிவிட்டது. பாதத்தின் மேல்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சதை செத்துக் கறுத்திருந்தது. கணுக்காலோடு எடுக்க வேண்டியிருக்கும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். என் போத்தலைப் பார்த்து, "நம்ம பயலுவ முங்குனா எண்பது எண்ணுற வரைக்கும் மூச்சுப் பிடிப்பானுவ. நீ என்ன தம்பி, ஒரு போத்தல் தண்ணிக்கு இந்தப் பாடு படுறே," என்று சிரிப்பார். சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

மொத்தா சார் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி வருவார். கையில் எப்போதும் இரண்டு சாத்துக்குடி. அந்த ஞாயிறு என் குழாயிலிருந்து கிண்ணத்தில் விழுந்திருந்த திரளைகளை வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"ஏலே, இது நம்ம முட்டை வெள்ளை மாதிரில்லா இருக்கு."

எனக்கும் பல நாளாக அந்த எண்ணம் உண்டு. சொல்லப் பயமாக இருந்தது.

டாக்டர் முதலில் கேட்கவே மறுத்தார். "அழுகின சங்குல இருந்த கிருமி. அதோட சாறை ஒரு மனுஷனோட நெஞ்சுக்குள்ள ஊத்தணும். நீங்க படிச்சவங்கதானே?"

"ஊத்த வேண்டாம் டாக்டர். பாத்தாப் போதும். கிருமி இருக்காது, பீங்கான் வடிகட்டில வடிச்சதுதான். அவன் சீழு கொஞ்சம் குடுங்க."

மறுவாரம் பனிக்கட்டி அடைத்த மரத்தூள் பெட்டிக்குள் சாறுப் புட்டியை வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு சோதனைக் குழாய்களில் என் சீழைப் போட்டார்கள். ஒன்றில் வெறும் உப்புத் தண்ணீர், மற்றதில் பதினேழாம் நம்பர். இரண்டையும் உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். அதற்கான பெட்டி அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. கனியம்மாள் சமையல்கட்டில் ஒரு தகரப் போணித் தண்ணீரில் குழாய்களை நிறுத்தி, முழங்கையால் தொட்டுத் தொட்டு, சூடு குறைந்தால் வெந்நீரும் கூடினால் பச்சைத் தண்ணீருமாக ஊற்றிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றாள். பிள்ளையைக் குளிப்பாட்டும் பதம் என்று சொன்னால் போதும், அவளுக்குத் தெர்மாமீட்டர் வேண்டாம். எங்கள் பிள்ளை தங்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

விளக்கேற்றும் நேரத்தில் இரண்டு குழாய்களையும் என் கட்டிலருகே கொண்டுவந்தார்கள். ஒன்றைச் சாய்த்தால் சீழ் அசையவில்லை. மற்றது அரிசி கழுவின தண்ணீர்போல ஓடியது. டாக்டர் திரும்பத் திரும்பச் சாய்த்துப் பார்த்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் வந்து, "செத்ததைக் கரைக்குது, சரி. உயிருள்ளதைக் கரைக்காதுன்னு யாரு சொன்னா?" என்றார்.

ராத்திரி வராந்தாவிலேயே தங்கியிருந்த மொத்தா சார் சட்டைக் கையைச் சுருட்டி இடது முன்கையை நீட்டினார். ரூபாய் அகலத்துக்குத் தோலைச் சுரண்டி, நான்கு நாளாக அதில் சாறு நனைத்த துணியைக் கட்டியிருந்திருக்கிறார். சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. நடுவில் புண் சுத்தமாக, கருஞ்சிவப்பாக இருந்தது. "எரியுது. அதை மறைக்க மாட்டேன். ஆனா தின்னல," என்றார்.

"முயல்ல பாத்துட்டுச் செய்யணும் இதையெல்லாம். நீங்க ஒங்க கையில செஞ்சிருக்கீங்க," என்று டாக்டர் கோபப்பட்டார். பிறகு இரண்டு முயல்களிலும் பார்த்தார்கள். காய்ச்சல் வந்தது, சாகவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்த மீரான் காக்கா எழுந்து உட்கார்ந்தார். "டாக்டர் ஐயா, தம்பிக்கு நெஞ்சுக்குள்ள. ஒண்ணு ஆனா எடுக்க முடியாது. எனக்கு வெளியில. புடிக்கலன்னா கழுவிவிட்டுரலாம். எப்பிடியும் வெட்டப்போற காலுதானே. மொதல்ல எனக்குப் போடுங்க."

போட்டார்கள். மொத்தா சார் கிட்டங்கிக்கும் ஆஸ்பத்திரிக்குமாக நடையாய் நடந்தார். ஆறு நாள். எரிச்சல் தாங்காமல் மீரான் காக்கா தலையணையைக் கடித்துக்கொண்டு, "யா அல்லா, கடல்ல குத்துனதும் நீதான், கடலக் கொண்டாந்து ஊத்துறதும் நீதான்" என்று முனகுவார். ஆறாம் நாள் கட்டைப் பிரித்தபோது கறுத்த சதை தோலுரிந்த பழம்போல விலகி வந்துவிட்டது. கீழே சிவப்பாகப் புதுச் சதை. இரண்டு விரல்கள் போயின. பாதம் நின்றது. அவர் அந்தப் பாதத்தைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தார். "தம்பி, எரியும். ஆனா தாங்கலாம்," என்றார்.

எனக்குச் செய்வதற்கு முன்னால் டாக்டர் கனியம்மாளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். ஜன்னல் என் தலைமாட்டில்தான் இருந்தது.

"புண்ணுல போடறது வேற, நெஞ்சு வேற. காய்ச்சல் கடுமையா வரும். ரத்தம் கசியலாம். இதுக்கு முன்னால இப்பிடி நான் செஞ்சதில்ல."

"ஐயா, ஒங்க சொந்தத் தம்பியா இருந்தா ஊத்துவியளா?"

வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"தெரியல, தாயி."

"தெரியலன்னு சொன்னியள்லா, அது போதும். தெரியும்னு சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். ஊத்துங்க."

முதல்முறை ஊற்றி, குழாயைக் கட்டி, நான்கு மணிநேரம் வலப்பக்கமும் இடப்பக்கமும் புரளச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்கினேன். நூற்றைந்து டிகிரி. நெஞ்சுக்குள் மிளகாயை அரைத்து அப்பினதுபோல இருந்தது. கனியம்மாள் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள். அவள் முகம் பெரிதாகிச் சிறிதாகிக்கொண்டிருந்தது. மறுநாள் குழாயைத் திறந்ததில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான். இவ்வளவுக்கா என்று அழுகை வந்தது. அழுதால் இருமல் வரும் என்பதால் அதையும் அடக்கிக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து இரண்டாவது முறை. காய்ச்சல் முன்னைப்போல ஏறவில்லை. மறுநாள் குழாயில் அடைத்துக்கொண்டிருந்தது எதுவோ இளகி, கிழிந்த துணிபோல நீளநீளமாக வந்து விழுந்தது. டாக்டர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். "விட்டுட்டா மறுபடி ஒட்டிரும். சூட்டோடு சூடா இன்னொண்ணு ஊத்தணும்," என்று மொத்தா சாருக்கு ஆளனுப்பினார்.

டாக்டர் சொன்ன நாளில் மொத்தா சார் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் வந்தார். முகத்தில் சவரம் இல்லை. சாத்துக்குடி இல்லை. வழக்கமான புட்டியில் பாதிக்குத்தான் சாறு இருந்தது. "மழையில கொஞ்சம் தாமசமாயிட்டு," என்றார். அன்றைக்கு அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. ஊற்றி முடிக்கும்வரை வாசலில் நின்றிருந்து, கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த திங்கள் ஒன்பது அவுன்ஸ். அதற்கடுத்தது ஆறு. போத்தல் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. மீரான் காக்கா தடியை ஊன்றி வீட்டுக்குப் புறப்பட்ட அன்று நான்கு. இரண்டுக்கு வந்ததும் குழாயைக் குட்டையாக்கினார்கள். பங்குனிக் கடைசியில் எடுத்தே விட்டார்கள். ஓட்டை மூட மேலும் ஒரு மாதம் ஆயிற்று.

புறப்படும் நாளில் டாக்டர் என்னை உட்காரவைத்து, "இந்தச் சாறாலதான் பொழச்சேன்னு ஊரெல்லாம் சொல்லாதேயும். அதில்லாமலும் சில பேருக்கு நுரையீரல் தானா விரியும். ஒம்ம ஒருத்தரை வச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார். பிறகு, "ஆனா அந்தக் கிருமியைப் பத்திரமா வச்சுக்கிடச் சொல்லும்," என்றார்.

கிட்டங்கிக்குத் திரும்பினபோது கிருமி இல்லை. காலந்தப்பி மாசியில் பெய்த மழையின் ஈரத்தில் பூஞ்சைக்காளான் ஏறி எல்லாக் குழாயும் கெட்டுவிட்டது என்றார் மொத்தா சார். வாரந்தோறும் மாற்றும் ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தான், அவரோ பஸ்ஸிலும் வார்டிலுமாக இருந்தார், பார்க்க யாரும் இல்லாமல் போய்விட்டது என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். என்னால் கெட்டது என்ற எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது.

தேடினோம். அதே சங்குக் கிட்டங்கியில், அதே மூலையில், அதன்பிறகு தீவுகளில், வலைக்காரர்கள் கொட்டும் குப்பையில். ஒரு வருடத்துக்குமேல். நூற்றுக்கணக்கில் குழாய்கள். முட்டையைக் கரைப்பது கிடைத்தது, ரத்தத்தைத் தொடாது. ரத்தத்தைக் கரைப்பது கிடைத்தது, முயலைக் கொன்றது. பழைய பதினேழு கிடைக்கவில்லை. இருபது அடி நடந்தால் நான் மணலில் உட்கார வேண்டியிருந்தது. அவர் புட்டிகளோடு பக்கத்தில் நின்றிருப்பார். அவசரப்படுத்தியதே இல்லை.

சண்டை முடிந்தது. பென்சிலின் வந்தது. எங்களுடைய அந்த ஆஸ்பத்திரிக்கும் வந்தது. நிமோனியா முற்றுவதற்கு முன்னாலேயே அடங்கிவிடுகிறது என்றும், எலும்பு வெட்டுவது குறைந்துவிட்டது என்றும் டாக்டர் எழுதியிருந்தார். அண்ணாச்சியின் மச்சினன் இந்த வரியை மட்டும் இரண்டுதரம் படித்துக்கொள்ளட்டும். ஆனால் ஏற்கெனவே தோய்ந்து இறுகிவிட்டதை அதனாலும் கரைக்க முடியவில்லையாம். கடிதத்தைப் படித்துவிட்டு மொத்தா சார் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பாசிக்குக் கிராக்கி போய், கிட்டங்கியைக் காலி செய்யும் நாளும் வந்தது. சாமான்களைக் கட்டும்போது அவருடைய வேலைக் குறிப்பேடு என் கையில் கிடைத்தது. நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைத் தேடிப் பார்த்தேன். மூன்றாவது முறை ஊற்றியதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் கையெழுத்து: 'பதினேழில் எல்லாவற்றிலும் காளான். ஒரு குழாய் மட்டும் சுத்தம், அதிலும் கிருமி நலிந்திருக்கிறது, பிரித்தால் இரண்டுக்கும் போதாது. புதுக் கூழுக்கு மாற்றினால் கிருமி பிழைக்கும், சாறுக்குப் பத்து நாளாகும். முழுவதையும் சாறாக்கினால் நாளை மறுநாள்.' அதன் கீழே வேறு மையில், 'முழுவதும். தங்கப்பழத்துக்கு.'

அவர் வாசல் பக்கம் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஏட்டை விரித்து அவர்முன் நீட்டினேன். எனக்கு மூச்சு இரைத்தது. வழக்கமான மூச்சுத்திணறல் என்று நினைத்து, "உக்காருலே" என்றார். பிறகு பக்கத்தைப் பார்த்தார்.

"ஏன் சார் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா நீ வேண்டாம்னுருப்ப. ஒன் குணம் தெரியும்லா எனக்கு. கிருமியக் காப்பாத்துங்க சார்னுருப்ப." சுத்தியலைக் கீழே வைத்தார். "நாலு வருசம் பாடுபட்டது. போனது போவுது. நீ இருக்கேல்லா."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் நிம்மதியாக அடுத்த ஆணியை எடுத்துக்கொண்டார்.

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். அன்று அவர் வார்டில் வந்து கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். கிருமியைப் பற்றி ஒரு கணம்கூட நினைத்திருக்க மாட்டேன். அவ்வளவு களைத்துப்போயிருந்தேன். எல்லாவற்றையும் ஊற்றுங்கள் சார் என்றுதான் சொல்லியிருப்பேன்.